சாய்தளத்தில் எறிபொருள் கணக்குகள்: படிப்படியாகப் போடும் முறை

சமதரையில் எறிந்த பந்து எங்கே விழும் என்று கேட்டால் உடனே போட்டுவிடுகிற பலர், அதே பந்தை ஒரு சரிவின் மேல் எறிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். பந்தை இழுக்கும் புவியீர்ப்பு அதேதான். பாதையும் அதே பரவளையம்தான். பந்து விழும் இடத்தைத் தீர்மானிக்கும் கோடு மட்டும் சாய்ந்திருக்கிறது. அந்த ஒரு மாற்றத்துக்கு நிறைய சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். மேல்நோக்கி எறிந்தால் ஒன்று, கீழ்நோக்கி எறிந்தால் வேறொன்று, கோணத்தைக் கிடையிலிருந்து அளந்தால் இன்னொன்று. பரீட்சை அறையில் எது எதற்கு என்று குழம்பாமல் எப்படி இருக்கும்?

இந்தப் பகுதி எனக்குப் பிடிபட நெடுநாள் ஆயிற்று. பிடிபட்ட பிறகு பார்த்தால், நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த அச்சுகளில் கணக்குப் போடப் போகிறோம் என்பதைச் சூத்திரம் எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். எனக்கு ஆன நாட்கள் உங்களுக்கும் ஆக வேண்டாம் என்பதற்காக, நான் போடும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிதாக எதுவும் வேண்டாம். சைன், காஸ், டேன் மூன்றும் செங்கோண முக்கோணத்தில் எந்தப் பக்கத்தை எதனால் வகுப்பது என்று தெரிய வேண்டும். மாறாத முடுக்கத்துக்கான சமன்பாடுகள் இரண்டு போதும்: இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்², இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 30°, 45°, 60° ஆகியவற்றின் மதிப்புகள் மனதில் இருக்கட்டும். கணக்குகளில் 37° அடிக்கடி வரும். அதற்கு சைன் 0.6, காஸ் 0.8, டேன் 0.75 என்று தோராயமாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் சில கணக்குகளுக்குத் தலைக்குக் கால் மணி நேரம் ஆனாலும் கவலைப்படாதீர்கள். படம் வரையும் பழக்கம் வந்தபின் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். அந்த ஐந்தில் ஒரு முழு நிமிடத்தைப் படத்துக்கே கொடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் பயன்படுத்தும் குறியீடுகள்:

வே – எறியும் வேகம்
ஈ – புவியீர்ப்பு முடுக்கம்
சா – தளம் கிடைக்கோட்டோடு செய்யும் சாய்வுக் கோணம்
எ – எறியும் திசை தளத்தோடு செய்யும் கோணம்
கி – எறியும் திசை கிடைக்கோட்டோடு செய்யும் கோணம்
நே – பறக்கும் நேரம்
வீ – தளத்தின் மேலேயே அளந்த வீச்சு

நிலைக்குத்து என்று நான் எழுதினால் அது புவியீர்ப்பு இழுக்கும் திசை. செங்குத்து என்று எழுதினால் தளத்துக்கு 90° திசை. சமதரையில் இரண்டும் ஒன்று, சரிவில் வேறு வேறு. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை. ஈ-யின் மதிப்பை 10 மீ/வி² என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்வியில் 9.8 என்று கொடுத்திருந்தால் அதையே போடுங்கள்.

2. படம் வரைந்து, இரண்டு கோணங்களையும் குறியுங்கள்

ஒரு கிடைக்கோடு. அதிலிருந்து சா கோணத்தில் சரிவு. எறியும் புள்ளியிலிருந்து ஓர் அம்பு. பிறகு எ, கி இரண்டையும் படத்தில் தனித்தனியாகக் குறியுங்கள். கேள்வியில் ஒன்றுதான் கொடுத்திருப்பார்கள், இன்னொன்றை நீங்கள் கண்டுபிடித்து எழுதியாக வேண்டும்.

சரிவில் மேல்நோக்கி எறிந்தால்: கி = எ + சா
சரிவில் கீழ்நோக்கி எறிந்தால்: கி = எ − சா

தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. "தளத்துடன் 30° கோணத்தில்" என்றால் அது எ. "கிடையுடன் 60° கோணத்தில்" என்றால் அது கி. வெறுமனே "60° கோணத்தில் எறியப்படுகிறது" என்று இருந்தால் பொதுவாகக் கிடையிலிருந்து என்று பொருள் கொள்வார்கள். ஆனால் கேள்வியோடு படம் இருந்தால் படம் சொல்வதே முடிவு. கேள்வியை இரண்டாம் முறை படிக்கும்போது "எதிலிருந்து அளந்த கோணம்?" என்பதை மட்டும் தேடிப் படியுங்கள்.

மேல்நோக்கி எறிவதில் இன்னொரு சோதனையும் உண்டு: கி, சா-வை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பு தரைக்குள் போகிறது என்று பொருள், எங்கேயோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

3. அச்சுகளைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வழிகள். ஒன்று, வழக்கம்போல் கிடை, நிலைக்குத்து அச்சுகள். இன்னொன்று, அச்சுகளையே சாய்த்து, ஒன்றைத் தளத்தின் நெடுகவும் மற்றொன்றைத் தளத்துக்குச் செங்குத்தாகவும் வைப்பது. இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். உழைப்புதான் கூடும், குறையும்.

நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். எறியும் இடம் சரிவின் மேலேயே இருந்து, தளத்தின் மேல் வீச்சு, தளத்திலிருந்து அதிகபட்ச விலகல், தளத்தில் செங்குத்தாக மோதுவது, மோதித் திரும்புவது என எதைக் கேட்டாலும் சாய்ந்த அச்சுகள். பந்து கிடையாக எறியப்பட்டால், அல்லது சரிவு சற்றுத் தள்ளித் தொடங்கினால், அல்லது தரையிலிருந்து உயரம் கேட்டால் வழக்கமான அச்சுகள்.

ஒரு கணக்கின் நடுவில் அச்சை மாற்றாதீர்கள். பாதிக் கூறுகளைச் சாய்ந்த அச்சிலும் மீதியை நேர் அச்சிலும் எடுத்தால் வரும் விடை எண் போலத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பொருள் கிடையாது.

4. வேகத்தையும் புவியீர்ப்பையும் பிரியுங்கள்

சாய்ந்த அச்சுகளை எடுத்துக்கொண்டோம் என்று வைப்போம். காகிதத்தைத் திருப்பி, சரிவுக் கோடு உங்களுக்குக் கிடையாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள். இப்போது வேக அம்பு தரையோடு எ கோணத்தில் இருக்கிறது, புவியீர்ப்பு அம்புதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே அதையும் இரண்டாக உடைக்க வேண்டும்.

தளத்தின் நெடுக: தொடக்க வேகம் வே காஸ் எ, முடுக்கம் − ஈ சைன் சா
தளத்துக்குச் செங்குத்தாக: தொடக்க வேகம் வே சைன் எ, முடுக்கம் − ஈ காஸ் சா

வேகத்தைப் பிரிக்கும்போது எ, புவியீர்ப்பைப் பிரிக்கும்போது சா. இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

புவியீர்ப்பில் எதற்கு சைன், எதற்கு காஸ் என்று சந்தேகம் வந்தால் சா = 0 என்று போட்டுப் பாருங்கள். சமதரையில் புவியீர்ப்பு முழுவதும் தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். காஸ் 0° = 1. எனவே செங்குத்துக் கூறுக்குத்தான் காஸ்.

சமதரைக் கணக்கில் ஒரு திசையில் முடுக்கமே இல்லை. இங்கே இரண்டு திசையிலும் முடுக்கம் இருக்கிறது. சாய்தளக் கணக்கில் புதிதாகச் சேர்ந்த பாடம் இதுதான், வேறெதுவும் இல்லை.

5. செங்குத்துத் திசையிலிருந்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

பந்து தளத்தைத் தொடும்போது தளத்திலிருந்து அதன் செங்குத்துத் தூரம் பூச்சியம்.

வே சைன் எ × நே − ½ × ஈ காஸ் சா × நே² = 0

நே = 0 என்பது எறிந்த கணம், அதை விட்டுவிடலாம். மற்ற விடை:

நே = 2 வே சைன் எ ÷ (ஈ காஸ் சா)

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இது கூடவே வரும். சரிவு 30°. பந்து மேல்நோக்கி, கிடையிலிருந்து 60° கோணத்தில், 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. அப்படியானால் எ = 60° − 30° = 30°.

நே = 2 × 20 × 0.5 ÷ (10 × 0.866) = 20 ÷ 8.66 = 2.31 வினாடி

தளத்திலிருந்து அதிகபட்சச் செங்குத்து விலகலும் இங்கேயே கிடைத்துவிடும்: (வே சைன் எ)² ÷ (2 ஈ காஸ் சா) = 100 ÷ 17.32 = 5.77 மீட்டர். இது பறக்கும் நேரத்தின் சரிபாதியில், அதாவது 1.155 வினாடியில் நடக்கும். ஆனால் பந்து நிலைக்குத்து உயரத்தின் உச்சியை அடைவது அந்தக் கணத்தில் இல்லை. அது 20 × 0.866 ÷ 10 = 1.73 வினாடியில், எறிந்த இடத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில். "அதிகபட்ச உயரம்" என்று கேட்டால் தளத்திலிருந்தா, எறிந்த மட்டத்திலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 5.77-உம் 15-உம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எண்கள் கிடையாது.

6. நெடுகத் திசையிலிருந்து வீச்சைக் கண்டுபிடியுங்கள்

நேரம் தெரிந்துவிட்டது. இனி:

வீ = வே காஸ் எ × நே − ½ × ஈ சைன் சா × நே²

நம் கணக்கில்: 20 × 0.866 × 2.31 − ½ × 10 × 0.5 × 5.33 = 40 − 13.33 = 26.67 மீட்டர்.

பலர் இரண்டாவது உறுப்பை மறந்துவிட்டு 40 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். சமதரைப் பழக்கத்தில் "வீச்சு = வேகம் × நேரம்" என்று கை தானாக எழுதும். பறக்கும் நேரத்துக்கும் செங்குத்து விலகலுக்கும் பழைய சூத்திரத்தில் ஈ-க்குப் பதிலாக ஈ காஸ் சா என்று மாற்றினால் போதும் என்பதால், வீச்சுக்கும் அதே குறுக்குவழி செல்லும் என்று தோன்றும். செல்லாது. நெடுகத் திசையில் பந்தின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது.

அதன் விளைவு ஒன்றைப் பாருங்கள். பாதி நேரத்தில், 1.155 வினாடியில், பந்து தளத்தின் நெடுக எவ்வளவு போயிருக்கும்? 17.32 × 1.155 − 2.5 × 1.333 = 16.67 மீட்டர். மொத்த வீச்சில் பாதி 13.33தான். முதல் பாதி நேரத்தில் பாதிக்கும் மேல் கடந்துவிட்டது. "பாதி நேரத்தில் பாதித் தூரம்" என்ற சமதரை வழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. கிடையாகக் கடந்த தூரத்துக்கு மட்டும் அது இன்னும் பொருந்தும், கிடையில்தான் முடுக்கம் இல்லையே.

மனப்பாடச் சூத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு, இரண்டு உறுப்பையும் சேர்த்துச் சுருக்கினால் வருவது:

வீ = 2 வே² சைன் எ காஸ் கி ÷ (ஈ காஸ்² சா)

இதைப் படித்துவைப்பதை விட, வருவிக்கத் தெரிந்திருப்பதையே நான் நம்புகிறேன். காரணம், இதில் எ-யும் கி-யும் இரண்டும் வருகின்றன, அவசரத்தில் இடம் மாறிப்போகும். இதை மிகச் சுருக்கமாக வருவிக்கும் வழி அடுத்தது.

7. முக்கோண வழி: அச்சே இல்லாமல்

எனக்கு மிகப் பிடித்த வழி இது. ஏன் இதை முதலிலேயே சொல்லித்தருவதில்லை என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

புவியீர்ப்பு இல்லாவிட்டால் பந்து எறிந்த திசையிலேயே நேர்கோட்டில் வே × நே தூரம் போயிருக்கும். புவியீர்ப்பு அதை அங்கிருந்து நிலைக்குத்தாக ½ ஈ நே² தூரம் கீழே இறக்குகிறது. இறங்கி நிற்கும் இடம் சரிவின் மேல் ஒரு புள்ளி. எறிந்த இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரம் வீ. மூன்று பக்கங்களும் சேர்ந்து ஒரு முக்கோணம்.

மேல்நோக்கி எறியும்போது அதன் கோணங்கள்: எறியும் இடத்தில் எ. மேல் முனையில் 90° − கி. விழும் இடத்தில் 90° + சா. கூட்டிப் பாருங்கள், 180° வரும். இனி சைன் விதி:

½ ஈ நே² ÷ சைன் எ = வே நே ÷ காஸ் சா = வீ ÷ காஸ் கி

முதல் இரண்டிலிருந்து நேரம், கடைசி இரண்டிலிருந்து வீச்சு. அவ்வளவுதான். நம் கணக்கில் வீ = 20 × 2.31 × 0.5 ÷ 0.866 = 26.67 மீட்டர். முன்பு வந்ததேதான். கீழ்நோக்கி எறியும்போது விழும் இடத்துக் கோணம் 90° − சா ஆகும். அதன் சைனும் காஸ் சா-தான், ஆகவே மேலே உள்ள வரியை மாற்ற வேண்டியதே இல்லை. எ எவ்வளவு, கி எவ்வளவு என்பதை மட்டும் படத்திலிருந்து சரியாக எடுங்கள்.

எந்த நேரத்தில் எங்கே, எந்த வேகத்தில் என்றெல்லாம் கேட்டால் இந்த முக்கோணம் போதாது, கூறுகளுக்குத் திரும்பிவிடுங்கள். நேரமும் வீச்சும் மட்டும் கேட்டால் இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

8. கீழ்நோக்கி எறிந்தால்

நெடுக அச்சைச் சரிவின் கீழ்ப்புறமாக நேர்க்குறி என்று வையுங்கள். அப்போது ஈ சைன் சா நேர்க்குறி பெறும், பந்து நெடுக வேகம் கூடிக்கொண்டே போகும். செங்குத்துத் திசையில் எதுவும் மாறாது. நேரச் சூத்திரமும் மாறாது. ஒரு குறி மட்டும்:

வீ = வே காஸ் எ × நே + ½ × ஈ சைன் சா × நே²

அதே 30° சரிவில், அதே 20 மீ/வி வேகத்தில், கிடைக்கு மேல் 30° கோணத்தில் கீழ்ப்புறமாக எறிந்தால் எ = 60°. நே = 4 வினாடி. வீ = 40 + 40 = 80 மீட்டர்.

9. வழக்கமான அச்சுகளில் போடுவது

கிடையாக எறியும் கணக்குக்குச் சாய்ந்த அச்சு தேவையே இல்லை. சரிவின் மேலிருந்து பந்தைக் கிடையாக எறிகிறீர்கள். கிடைத் தூரம் வே நே. இறங்கியது ½ ஈ நே². விழுந்த புள்ளி சரிவின் மேல் இருக்கிறது என்பதால், இறங்கியதைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் டேன் சா வர வேண்டும்.

நே = 2 வே டேன் சா ÷ ஈ

37° சரிவில் 15 மீ/வி என்றால் நே = 2 × 15 × 0.75 ÷ 10 = 2.25 வினாடி. கிடைத் தூரம் 33.75 மீட்டர். சரிவின் நெடுக அளந்தால் 33.75 ÷ 0.8 = 42.2 மீட்டர். கிடைத் தூரத்தையே வீச்சு என்று எழுதிவிடாமல், காஸ் சா-வால் வகுக்கும் அந்தக் கடைசிப் படியை மறக்காதீர்கள்.

விழும்போது நிலைக்குத்து வேகம் 22.5, கிடை வேகம் 15. விகிதம் 1.5, அதாவது 2 டேன் சா. இதில் வே இல்லவே இல்லை. கிடையாக எந்த வேகத்தில் எறிந்தாலும் பந்து சரிவில் விழும் கோணம் ஒன்றே. "வேகத்தை இருமடங்காக்கினால் மோதும் கோணம் என்னவாகும்?" என்று கேட்டால் கணக்கே போடாமல் "மாறாது" என்று எழுதலாம். தூரம் மட்டும் நான்கு மடங்காகும்.

சரிவு தள்ளித் தொடங்கும் கணக்கு இன்னொரு வகை. எறிந்த இடத்திலிருந்து 10 மீட்டர் வரை சமதரை, அதன்பின் 45° சரிவு. பந்தின் கிடை வேகம் 10, நிலைக்குத்து வேகம் 20 மீ/வி. நே வினாடியில் பந்தின் உயரம் 20 நே − 5 நே². அதே கிடைத் தூரத்தில் சரிவின் உயரம் 10 நே − 10. இரண்டையும் சமமாக்கினால்:

நே² − 2 நே − 2 = 0

விடைகள் 2.73, −0.73. எதிர்க்குறி விடையை விட்டுவிடுங்கள். கிடைத் தூரம் 27.3 மீட்டர், உயரம் 17.3 மீட்டர், சரிவின் அடியிலிருந்து நெடுக 24.5 மீட்டர். இந்த வகையில் இரண்டு சோதனைகள் கட்டாயம். பந்து சமதரையிலேயே விழுந்துவிடவில்லையே என்று பாருங்கள் (இங்கே அதன் கிடைத் தூரம் 10 மீட்டரைத் தாண்டியிருக்கிறது, சரி). சரிவின் நீளம் கொடுத்திருந்தால், உங்கள் விடை அதைவிடக் குறைவா என்றும் பாருங்கள். அதிகமானால் பந்து சரிவைத் தாண்டிப் போய்விட்டது, கணக்கு வேறு.

10. அடிக்கடி வரும் திருப்பங்கள்

தளத்தில் செங்குத்தாக மோதுகிறது என்றால், மோதும் கணத்தில் நெடுக வேகம் பூச்சியம். வே காஸ் எ = ஈ சைன் சா × நே என்று எழுதி, நேரத்துக்கு ஐந்தாம் படியில் வந்ததைப் போடுங்கள். டேன் எ × டேன் சா = ½ என்று வந்து நிற்கும். 30° சரிவுக்கு எ சுமார் 40.9°.

கிடையாக மோதுகிறது என்றால் அது வேறு நிபந்தனை: நிலைக்குத்து வேகம் பூச்சியம். இங்கே டேன் கி = 2 டேன் சா. 30° சரிவுக்குக் கி சுமார் 49.1°. இந்த இரண்டு கேள்விகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எந்தத் திசை வேகம் பூச்சியமாகிறது என்பதை வாக்கியமாக எழுதிவிட்டு அப்புறம் சமன்பாட்டுக்குப் போங்கள்.

தளத்துக்குச் செங்குத்தாக எறியும் கணக்கு எளிது. எ = 90°, காஸ் எ பூச்சியம். வீச்சில் முதல் உறுப்பு மறைந்து, ½ ஈ சைன் சா நே² மட்டும் மிஞ்சும். பந்து விழுவது எறிந்த இடத்துக்குக் கீழே.

அதிகபட்ச வீச்சு எப்போது? மேல்நோக்கி எறிந்தால் கி = 45° + சா/2, கீழ்நோக்கி எறிந்தால் கி = 45° − சா/2. எறியும் திசை, சரிவுக்கும் நிலைக்குத்துக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாக வெட்ட வேண்டும் என்று நினைவு வைத்தால் இரண்டும் அடங்கிவிடும். சமதரையின் 45°-யும் அதற்குள்தான். வீச்சுகள்:

மேல்நோக்கி: வே² ÷ [ஈ (1 + சைன் சா)]
கீழ்நோக்கி: வே² ÷ [ஈ (1 − சைன் சா)]

நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் சா 30°, கி 60°. 45 + 15 = 60. ஆக, 26.67 மீட்டர்தான் அந்த வேகத்தில் மேல்நோக்கி எட்டக்கூடிய எல்லை. எட்டாம் படியில் வந்த 80 மீட்டர் கீழ்நோக்கிய எல்லை. அதிகபட்ச வீச்சில் எறியும் திசையும் விழும் திசையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும். எவ்வளவு அழகான பண்பு! நம் பந்து விழும்போது கிடை வேகம் 10, நிலைக்குத்து வேகம் −5.77. எறியும்போது 10, 17.32. பெருக்கிக் கூட்டினால் 100 − 100 = 0.

ஒரே வேகத்தில் ஒரே வீச்சைத் தரும் கோணங்கள் இரண்டு இருக்கும். மேல்நோக்கி எறிந்தால் அவற்றின் கூட்டுத்தொகை, கிடையிலிருந்து அளந்தால், 90° + சா. சமதரை வழக்கத்தில் 90° என்று போட்டுவிடாதீர்கள்.

மோதித் துள்ளும் பந்து கடைசி வகை. பந்தை நேராகக் கீழே போட்டு, சரிவில் ஆற்றல் இழப்பே இல்லாமல் துள்ளவிட்டால், செங்குத்து வேகம் ஒவ்வொரு மோதலிலும் அதே அளவில் திரும்புகிறது. ஆகவே துள்ளல்களின் நேரம் எல்லாம் சமம். நெடுக வேகம் மோதலால் பாதிக்கப்படாமல் கூடிக்கொண்டே போகிறது. அடுத்தடுத்த துள்ளல்களின் நீளங்கள் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் வரும். வழக்கமான அச்சுகளில் போட்டால் பக்கம் பக்கமாக நீளும் இந்தக் கணக்கு, சாய்ந்த அச்சில் நாலு வரி.

11. விடையை எழுதுவதற்கு முன் சோதியுங்கள்

சூத்திரம் வருவித்திருந்தால் சா = 0 போடுங்கள். சமதரைச் சூத்திரம் வர வேண்டும். பிறகு கி = 90° போடுங்கள். நேராக மேலே எறிந்த பந்து அதே இடத்தில் விழும், வீச்சு பூச்சியமாக வேண்டும். இரண்டில் ஒன்று பொய்த்தாலும் எங்கோ கோணம் கலந்துவிட்டது.

எண் விடை என்றால் ஆற்றலைப் பாருங்கள். நம் பந்து விழுந்த இடத்தின் உயரம் 26.67 × 0.5 = 13.33 மீட்டர். அங்கே வேகத்தின் வர்க்கம் 400 − 2 × 10 × 13.33 = 133.3 ஆக இருக்க வேண்டும். கூறுகளிலிருந்து 10² + 5.77² = 133.3. பொருந்துகிறது. அரை நிமிட வேலை இது. கணிப்பான் பயன்படுத்துபவர்கள் அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலிலேயே சைன் 30 போட்டுப் பார்த்துவிடுங்கள். 0.5 வரவில்லை என்றால் அமைப்பை மாற்றுங்கள். இடையில் வரும் எண்களை முழுமையாக்காமல், கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

12. பயிற்சி செய்யும் வரிசை

முதலில் கிடையாக எறியும் கணக்குகள். அவை வந்தபின் செங்குத்தாக எறிவது, பிறகு மேல்நோக்கி, அதன்பின் கீழ்நோக்கி. அதிகபட்ச வீச்சும் மோதலும் கடைசியில். ஒவ்வொன்றையும் முதலில் சாய்ந்த அச்சிலும், பிறகு முக்கோண வழியிலும் போட்டு விடைகளை ஒப்பிடுங்கள். தொடங்குவதற்கு மூன்று கணக்குகள் தருகிறேன்.

அ) 37° சரிவில், தளத்துக்குச் செங்குத்தாக 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தூரத்தில் விழும்?

ஆ) 30° சரிவில், தளத்துக்கு 60° கோணத்தில் கீழ்நோக்கி 20 மீ/வி. எட்டாம் படியைப் பார்க்காமல், முக்கோண வழியில் மட்டும் போடுங்கள்.

இ) 30° சரிவில் மேல்நோக்கி, கிடையிலிருந்து 45°, 75° என்று இரண்டு எறிதல்கள், வேகம் 20 மீ/வி. இரண்டின் வீச்சும் நேரமும் என்ன?

விடைகள்: அ) 5 வினாடி, 75 மீட்டர். ஆ) 4 வினாடி, 80 மீட்டர். இ) இரண்டுக்கும் வீச்சு 19.5 மீட்டர், நேரம் முறையே 1.20, 3.27 வினாடி. அந்த இரண்டு நேரங்களையும் பெருக்கினால் 2 வீ ÷ ஈ வரும். ஏன் அப்படி வருகிறது என்பதை நேரச் சூத்திரத்திலிருந்து நீங்களே வருவித்துப் பாருங்கள், நாலு வரிக்கு மேல் ஆகாது.